இத்தாலியனை விட்டு எவன்ஸ் கம்பிட்டுக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு 15 வயது. மூன்று வருடமாக வெள்ளைக் காய்களில் இத்தாலியன் ஓப்பனிங்தான் (ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு நகர்வு முறை) விளையாடுகிறேன். சி3, டி3 போட்டு, கோட்டை கட்டி, ஆறுதலாகப் போவேன். தோற்பது குறைவு. ஆனால் சமநிலைதான் கூட. நிலை சமம் என்று தெரிந்ததும் பலதரம் நானே சமநிலை கேட்டு முடித்துவிடுவேன். என் சிநேகிதன் எவன்ஸ் கம்பிட் (தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்கும் முறை) போட்டு இருபது நகர்வுக்குள் வெல்லுகிறான். எங்கள் செஸ் சேர் எனக்கு அது சரிவராது என்கிறார். அடுத்த மாதம் பாடசாலைப் போட்டி. மாறலாமா?
— மாணவர், கொக்குவில்

பதில்: தம்பி, அடுத்த மாதப் போட்டிக்கு மாற வேண்டாம். பழகத் தொடங்குவதென்றால் இன்றைக்கே தொடங்கலாம்.

உமது கடிதத்தில் என் கண்ணில் பட்டது எவன்ஸ் அல்ல, "நானே கேட்டு முடித்துவிடுவேன்" என்ற இடம். சமநிலையில் முடிந்த ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்து, நீர் கை நீட்டிய நிலையைப் பலகையில் வைத்துப் பாரும். இரண்டு பக்கமும் ராணி, யானைகள், ஏழெட்டுச் சிப்பாய்கள் நிற்கும் என்று நினைக்கிறேன். அங்கே ஆட்டம் இன்னும் கிடக்கிறது. அதற்கு இத்தாலியனைக் குறை சொல்லி என்ன பயன்? காய் எண்ணிக்கை சமமாக இருக்கும்போதே எழும்பிப் போகிறவர், ஒரு சிப்பாய் குறைவாகப் பதினைந்து நகர்வு இருக்க வேண்டி வந்தால் என்ன செய்வார்? கொடுத்த சிப்பாயை எப்படித் திரும்ப எடுக்கலாம் என்றுதான் தேடுவார். கம்பிட் விளையாடுகிற பிள்ளைகள் கூடுதலாகத் தோற்பது அந்தத் தேடலில்தான். சேர் சொன்னதும் இதை மனதில் வைத்துத்தான் என்று படுகிறது.

இன்னொன்று. எவன்ஸ் உமது இத்தாலியனுக்குள்ளேயே இருக்கிற வழி. இ4 இ5, குதிரை எஃப்3 சி6, மந்திரி சி4 சி5 என்று வந்த பிறகு, நாலாவது நகர்வில் சி3க்குப் பதிலாக பி4 போடுகிறீர், அவ்வளவுதான். எதிராளி மூன்றாவது நகர்வில் மந்திரியை நகர்த்தாமல் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தால் எவன்ஸுக்கு வழியே இல்லை. அப்படி விளையாடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எதிரே உமது பழைய டி3தான் கைகொடுக்கும். ஆகவே "விட்டுவிட்டு மாறுவது" என்ற கேள்வியே இங்கே இல்லை. உம்மிடம் இருப்பதோடு ஒன்று சேர்கிறது.

சிநேகிதன் இருபது நகர்வுக்குள் வெல்லுகிறான் என்றால் எதிரே இருப்பவருக்கு அது தெரியவில்லை என்று அர்த்தம். தெரிந்தவர் என்ன செய்வார் என்று பாரும். பி4 சிப்பாயை மந்திரியால் வெட்டுவார், நீர் சி3, அவர் மந்திரியை ஏ5க்கு இழுப்பார். இப்போது நீர் அவசரப்பட்டுக் கோட்டை கட்டினால் அவர் டி6, நீர் டி4, அவர் மந்திரி பி6. பழைய உலகச் சாம்பியன் லாஸ்கர் காட்டிய வழி இது. நீர் இ5இல் வெட்டி, ராணிகள் மாறி, குதிரையால் சிப்பாயைத் திரும்ப எடுத்தால் கணக்குச் சமம். ஆனால் உமது ஏ, சி சிப்பாய்கள் துணையில்லாமல் தனித்தனியே நிற்கும். அவருடைய பக்கம் ஒழுங்காக இருக்கும். தாக்கி வெல்ல வந்தவர் ராணியில்லாத முடிவாட்டத்தில், அதுவும் கொஞ்சம் மோசமான பக்கத்தில் இருப்பார்! அதனால் ஆறாவது நகர்வில் கோட்டை கட்டாமல் டி4 போடும்; அவர் டி6 என்றால் ராணி பி3, குறி எஃப்7. இந்த ஒரு நகர்வு ஒழுங்கைச் சிநேகிதனிடம் கேட்டுப் பாரும். தெரியாமல் முழித்தால் அவனுடைய வெற்றிகளைப் பார்த்துப் பொறாமைப்படத் தேவையில்லை.

பெரியவர்களும் இதை அளவோடுதான் எடுத்தார்கள். 1995இல் ரீகாவில் உலகச் சாம்பியன் கஸ்பரோவ் எவன்ஸைப் போட்டு, நம்முடைய ஆனந்தை 25 நகர்வில் வென்றார். ஆனந்த் மந்திரியை ஏ5க்கு அல்ல, இ7க்கு இழுத்திருந்தார். ஆனால் அதே வருடம் நியூயோர்க்கில் இருவரும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது கஸ்பரோவ் எவன்ஸைத் தொடவில்லை. பேர் பெற்ற 10ஆவது ஆட்டத்தை ருய் லோபஸ் என்ற வேறு ஓப்பனிங்கில் வென்றார். எதிராளி எதிர்பாராத நாளில்தான் எவன்ஸுக்குப் பலன் அதிகம். யாழ்ப்பாணத்தில் பாடசாலைச் செஸ் வட்டம் எவ்வளவு சின்னது என்று உமக்குத் தெரியும். திங்கட்கிழமை நல்லூரில் பி4 போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் சாவகச்சேரி வரை கதை போய்விடும்.

இந்த மாதம் எவன்ஸை லிச்செஸ் என்ற செஸ் இணையத்தளத்தில் மட்டும் விளையாடும். பத்து நிமிட ஆட்டம் போதும், மூன்று நிமிட பிளிட்ஸ் வேண்டாம். சிப்பாய் குறைவாக இருந்து யோசிக்கப் பழகுவதற்கு நேரம் வேண்டும். அங்கே ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் இலவசம். உமது ரேட்டிங் அளவில் உள்ளவர்கள் பி4க்கு என்ன பதில் போடுகிறார்கள் என்று அதில் தேடலாம். போட்டியில் பழைய இத்தாலியனையே விளையாடும், ஒரு நிபந்தனையோடு: ராணிகள் பலகையில் நிற்கும்வரை நீர் சமநிலை கேட்கக் கூடாது. எதிராளி கேட்டாலும் இன்னும் ஐந்து நகர்வு போட்டுவிட்டு யோசியும்.

அப்புறம், சேருக்கு ஒளித்துப் பழக வேண்டாம். அவரிடமே கறுப்பைக் கொடுத்து விளையாடக் கேளும். அவர் சிப்பாயை எடுக்காமல் மந்திரியை பி6க்குப் பின்வாங்கக்கூடும். அப்போது ஏ4 போடும். அவர் ஏ6 போட மறந்தால் ஏ5 வந்து மந்திரி மாட்டும். சேர் மறக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்; ஆனாலும் போட்டுப் பாரும்.