வில்சன் தாஸ் நெவெஸ்: சாம்பா கேள்வி பதில்

கே: அண்ணா, பிரேசிலின் சாம்பா இசைக்காரரான இவரை டிரம்மர் என்பதா, பாடகர் என்பதா?

ப: இரண்டும்தான், ஆனால் டிரம்ஸ்தான் முதலில். 1936-இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். எல்சா சோரெஸ், சிக்கோ புவார்க்கி என்று பெரிய பாடகர்களுக்கெல்லாம் வாசித்தார். பாடகராக முதல் ஆல்பம் போட்டது 1996-இல், அறுபது வயதில்!

கே: பக்கவாத்தியக்காரரை யார் சார் கவனிக்கிறார்கள்?

ப: 1968-இல் எல்சாவோடு செய்த ஆல்பத்தின் தலைப்பிலேயே 'டிரம்மர்: வில்சன் தாஸ் நெவெஸ்' என்று பெயர் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கே: சாம்பா ஊர்வலத்தில் ஒரு கூட்டமே கொட்டுகிறது. அதை ஒற்றை ஆள் எப்படி வாசிப்பார்?

ப: நல்ல கேள்வி. சாம்பா இரண்டு எண்ணிக்கைத் தாளம். கனமான அடி இரண்டாவதில் விழும். ஊர்வலத்தில் அதை அடிப்பது சுர்தோ என்ற பெரிய முரசு. டிரம்ஸில் அந்த வேலை காலால் மிதிக்கும் பேஸ் டிரம்முக்குப் போகிறது. தம்போரிம் என்ற சின்னத் தோல்கருவியின் துள்ளலை ஸ்னேர் என்ற சிறிய டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டலாம். குலுக்கும் கருவிகளின் சலசலப்புக்கு ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டுகள். இத்தனையும் ஒருவரே செய்யும்போது சத்தம் கூடிவிடும். நெவெஸ் கூட்டவிடமாட்டார், பாடுபவருக்கு எப்போதும் இடம் இருக்கும். நான் அவரை ரசிப்பதே அதற்காகத்தான்.

கே: குரல் எப்படி?

ப: பெரிய சாரீரம் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் கரகரப்பு. ஆனால் சொல்லை எங்கே தள்ளிப்போட வேண்டும், எங்கே முந்திப் பிடிக்க வேண்டும் என்பது அத்துப்படி. டிரம்மர் ஆயிற்றே! மெட்டும் போடுவார். பல பாடல்களுக்கு வரிகள் பாவ்லோ செசார் பின்யெய்ரோ எழுதியவை.

கே: ஒலிம்பிக்ஸில் வந்தாராமே?

ப: ஆமாம், 2016 ரியோ தொடக்க விழாவில். அத்தனை பெரிய மைதானத்தில் அவர் கையில் இருந்தது வெறும் தீப்பெட்டி. டிரம்ஸ் இல்லாத இடத்தில் தீப்பெட்டியைத் தட்டிப் பாடுவது ரியோவின் பழைய வழக்கம். மறு ஆண்டு ஆகஸ்டில், 81 வயதில் காலமானார்.

கே: எங்கே ஆரம்பிக்கலாம் அண்ணா?

ப: முதலில் 1996 ஆல்பம், 'ஓ சோம் சக்ராடோ டி வில்சன் தாஸ் நெவெஸ்'. அதில் 'ஓ சாம்பா எ மெவ் தொம்' பாட்டு. அப்புறம் அந்த 1968 ஆல்பம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், சுர்தோ அடி காணாமல் போய்விடும்.