இசைத் தயாரிப்பாளர் ஆக விரும்பும் மகன் கணிதத்தை விடலாமா?

அன்புள்ள அக்கா,

மகன் பிரான்சில் பிரெமியே (லிசேயின் கடைசிக்கு முந்திய வருடம்) முடிக்கிறான், இசைத் தயாரிப்பாளராக வரப்போகிறானாம், அதனால் கணிதத்தை விடப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். இசையைத் தடுக்காதீர்கள். கணிதத்தை விடுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

பிலிப் ஸ்தார் என்ற பிரெஞ்சு இசைத் தயாரிப்பாளரின் பெயரை மகனிடம் சொல்லிப் பாருங்கள், தெரிந்திருக்கும். 1967-இல் எக்ஸ்-லே-பேனில் பிறந்தவர். பாரிஸ் ஸ்டூடியோக்களில் அவர் முதலில் கற்றது ஒலிப்பதிவு வேலை. 1990களின் முற்பகுதியில் ராப் பாடகர் எம்.சி. சோலாரின் ஆல்பங்களில் ஒலிப்பொறியாளராக இருந்தார். எத்தியென் து கிரெசியுடன் சேர்ந்து 1996-இல் மோட்டர்பாஸ் ஆல்பம், உபேர் பிளான்-ஃபிரான்காருடன் 1999-இல் காசியூஸ் ஆல்பம் என்று சொந்தப் பாட்டுகள் அதற்குப் பிறகே வந்தன. ஃபீனிக்ஸ் என்ற பிரெஞ்சு ராக் குழுவுடன் சேர்ந்து அவர் தயாரித்த 2009 ஆல்பம் அடுத்த ஆண்டு கிராமி வென்றபோது அவருக்கு வயது 43. 2019-இல் காலமாகும்வரை மற்றவர்களின் பாட்டுகளை மிக்ஸ் செய்வதை அவர் விடவே இல்லை.

அந்த வேலையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், அக்கா. சொந்தப் பாட்டு ஓடும், ஓடாமலும் போகும். ஆனால் இன்னொருவர் பாட்டைச் சுத்தமாகப் பதிவு செய்து கொடுக்கத் தெரிந்தவரை ஆட்கள் தேடி வருவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. காசியூஸில் அவருடன் இருந்த உபேரின் அப்பாவே பெயர் பெற்ற ஒலிப்பொறியாளர். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் அப்படி ஒரு வாசல் இல்லை. படிப்பும் ஸ்தாஜும்தான் (வேலையிடப் பயிற்சி) அவர்களுக்கு ஆட்களைப் பழக்கித் தரும். எனக்கு இது பெரிய கவலை, அதனால்தான் படிப்பை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அரச லிசேக்களில் (உயர்நிலைப் பள்ளிகளில்) ஒலித்துறைக்கென்றே பே.தே.எஸ். என்ற இரண்டு வருடத் தொழில் டிப்ளோமா இருக்கிறது. செலவு குறைவு, போட்டி அதிகம். கருவிகளின் பௌதிகமே அங்கே ஒரு முக்கிய பாடம். லிசேயின் கடைசி வருடமான தெர்மினாலில் கணிதமும் பௌதிகமும் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது கைகொடுக்கும். பள்ளி இறுதித் தேர்வான பக்கிற்குப் பிறகு இரண்டு வருடம் படித்தவர்கள், சினிமாவும் ஒலியும் கற்பிக்கும் அரச கல்லூரியான லூயி-லூமியேரின் போட்டித் தேர்வையும் எழுதலாம். தனியார் பள்ளிகள் வருடத்துக்குப் பல ஆயிரம் யூரோ கேட்கும். பணம் கட்டுமுன் அந்தச் சான்றிதழ் அரசு ஏற்ற தொழிற்சான்றிதழ்களின் பட்டியலான ஆர்.என்.சே.பே. பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் ஸ்டூடியோ படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சரி, வருமானம். இந்தத் துறையில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. 12 மாதத்தில் 507 மணிநேரம் வேலை காட்டினால் ஆந்தெர்மித்தான் (விட்டுவிட்டு வேலை செய்யும் கலைத்துறையினர்) முறையில், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். முதல் வருடங்களில் அந்த மணிநேரத்தைச் சேர்ப்பதே கஷ்டம். அதுவரை அவன் வீட்டில் இருக்க வேண்டி வரலாம், அதை இப்போதே கதைத்து வையுங்கள். அவன் சொந்தமாக இசையமைத்தால் அதை இசையமைப்பாளர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் சங்கமான சாசெமில் பதிந்து கொள்ளட்டும்.

பாடத் தெரிவுப் படிவத்தில் கையெழுத்திடுமுன் அவனை அழைத்துக்கொண்டு ஒலித்துறை உள்ள லிசே ஒன்றின் திறந்த நாளுக்குப் போங்கள். அங்குள்ள மாணவர்களிடம் எந்தப் பாடத்தில் திணறுகிறார்கள் என்று அவனே கேட்கட்டும்.