தாயின் வயிற்றிலுள்ள பூச்சி கைக்குழந்தைக்கும் போகுமா?

தங்கைக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது, தோட்டத்துக் கிளினிக்கில் கொடுத்த பூச்சி மாத்திரையை விழுங்கலாமா, அவள் வயிற்றிலுள்ள பூச்சி பிறக்கப்போகும் பிள்ளைக்கும் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 26 ஆண்டுகள் மருத்துவமாதுவாக வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் விளக்கம் வேண்டும், ஏனெனில் பெரும்பாலும் புழு பிள்ளைக்குப் போவதில்லை என்றாலும் அது செய்யும் கேடு போய்விடுகிறது.

தோட்டத்துக் கர்ப்பிணிகளிடம் நான் முதலில் சந்தேகிப்பது கொழுக்கிப்புழுவைத்தான். மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கக்கூடிய குடம்பியாகிவிடும், அதாவது இளம்புழுவாகிவிடும். தேயிலைச் செடியின் அடிமண்ணைவிட அதற்கு நல்ல இடம் கிடைக்காது. வெறுங்காலோடு கொழுந்தெடுப்பவளின் விரலிடுக்கில் நுழையும் அந்தக் குடம்பி, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைந்து, அங்கே கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. நெக்கேற்றர் என்ற வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்கு இழக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர்தான். நூறு புழு இருந்தால் மாதத்துக்கு 90 மில்லிலீற்றர் ஆகிவிடும். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். பிள்ளை உண்டானால் அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொல்லிவிடுவார். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிப் போயிருக்கும்.

பிள்ளை முதல் ஆறு மாதங்களை ஓட்டுவதற்கு வேண்டிய இரும்பில் பெரும்பகுதியைக் கருவில் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. அப்போது தாயின் கையிருப்பே வற்றியிருந்தால், எடை குறைந்து பிறக்கவும் சில மாதங்களிலேயே சோகை பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். ஒரு புழுகூட வயிற்றில் இல்லாத பிள்ளைக்கு இப்படித்தான் புழுவின் பாதிப்பு வருகிறது.

மாத்திரையைப் பற்றிய அச்சம் புதிதன்று. இலங்கையில் 1990களிலேயே கர்ப்பிணிகளுக்கு மெபெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதன் விளைவைப் பார்த்த ஓர் இலங்கை ஆய்வு 1999இல் வெளிவந்தது. மாத்திரை விழுங்கிய 5,275 பேரின் பிள்ளைகளில் பெரிய பிறவிக் குறைபாடு 1.8 விழுக்காடு, விழுங்காத 1,737 பேரிடம் 1.5 விழுக்காடு, அது கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு அன்று. ஆனால் இறந்து பிறப்பதும் பிறந்த சில நாள்களில் இறப்பதும் விழுங்கியவர்களிடம் 1.9 விழுக்காடாகவும் மற்றவர்களிடம் 3.3 விழுக்காடாகவும் இருந்தன. முதல் மூன்று மாதங்களில் மட்டும் கொடுப்பதில்லை. உங்கள் தங்கை அதைத் தாண்டிவிட்டார்.

இனிப் பிள்ளைக்குப் புழு போகுமா என்பது. வட்டப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்து முற்றினால்தான் தொற்றும். தாயின் மலத்தில் அன்று வெளியான முட்டையை விழுங்கினாலும் ஒன்றும் நேராது. வட்டப்புழு உள்ளே போன பின்பும் முட்டையிடும் அளவுக்கு வளர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே மூன்று மாதப் பிள்ளைக்கு வயிறு உப்பினால் பூச்சி என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறு. உலகில் விதிவிலக்குகள் உண்டு: பப்புவா நியூகினியில் ஸ்ட்ராங்கிலொயிடிஸ் இனப் புழுவொன்று சில வாரக் குழந்தைகளின் வயிற்றையே வீங்க வைக்கிறது.

கைக்குழந்தையிடம் நான் அஞ்சுவது ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கண்ணுக்குத் தெரியாத உயிரிகளைத்தான். அவை மலத்தோடு வெளியேறும்போதே தொற்றத் தயாராக இருப்பதால், கழுவாத கை ஒன்றே போதும். ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வயிற்றோட்டத்தால் வாடிப்போன நான்கு மாதப் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதாகத் தாய் சொன்னார். பொய் சொல்லவில்லை, வசம்பு உரைத்துக் கொடுப்பதை அவர் உணவாகக் கருதவில்லை, அவ்வளவுதான். மலையிலிருந்து வழியும் நீரைப் பிடிக்கும் பீலியின் தண்ணீரில் உரைகல்லைக் கழுவி, அதே தண்ணீரில்தான் உரைத்திருக்கிறார். அந்தப் பீலிக்கு மேலே மலசலகூடக் குழி இருந்தது. கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கும் அசையாது, கொதித்த நீரில்தான் சாகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வயதுக்கு முன் பிள்ளைக்குப் பூச்சி மருந்தோ பேதி மருந்தோ நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மாத்திரை மட்டும் போதாது என்பதை எங்கள் தோட்டங்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டன. 1916இல் ரொக்பெல்லர் என்ற அமெரிக்க அறக்கட்டளை நிறுவனத்தார் வந்து எங்கள் முன்னோருக்குப் புழுவை வெளியேற்றும் கீனோபோடியம் என்ற செடி எண்ணெயைக் குடிக்கக் கொடுத்தார்கள். லயங்களில் போதிய மலசலகூடம் கட்டப்படாததால் புழு திரும்பி வந்தது. தங்கை மலைக்குப் போகும்போது காலை மூடிய செருப்பாவது போடட்டும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுக் குடித்தால் போதும்.