புல்லுக்கு யூரியாவைக் கூட்டலாமா?

கேள்வி: ஒரு ஏக்கரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டு இது மூன்றாம் வருடம். ஒவ்வொரு அறுப்பும் முடிந்ததும் 50 கிலோ யூரியா போடுகிறேன். முன்பு அறுப்புக்குப் பத்து டன் கிடைத்தது. இப்போது ஆறு டன்னே பெரிது. தூர் மெலிந்து, அடி இலைகளின் ஓரம் கருகுகிறது. யூரியாவை 100 கிலோ ஆக்கலாமா? உரக்கடைக்காரர் டிஏபியும் இலைவழி டானிக்கும் சேர்க்கச் சொல்கிறார்.

பதில்: யூரியாவைக் கூட்டாதீர்கள். தழைச்சத்துப் (நைட்ரஜன்) பஞ்சம் என்றால் அடி இலை நுனியில் மஞ்சளாகி, நடு நரம்பு வழியே உள்ளே இறங்கும். உங்களுக்கு ஓரம்தான் கருகுகிறது. அது சாம்பல் சத்துக் குறைவின், அதாவது பொட்டாஷ் (பொட்டாசியம்) குறைவின் முகம். உப்புத் தண்ணீரிலும் ஓரம் கருகும்தான். ஆனால் பாசனம் மாறாமல் இரண்டு வருடம் நன்றாக வந்த புல் என்றால் முதல் சந்தேகம் பொட்டாஷ் மேல்தான். மண் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். பத்து டன் பச்சைப்புல்லில் உலர் எடை சுமார் இரண்டு டன். அதில் தழைச்சத்து 30 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 5 கிலோ, பொட்டாசியம் 40 கிலோவாவது வயலை விட்டுப் போகும். நீங்கள் திருப்பிக் கொடுத்தது யூரியாவில் உள்ள 23 கிலோ தழைச்சத்து மட்டும். மிச்சத்தை இரண்டு வருடமாக மண்தான் கையிருப்பிலிருந்து கொடுத்தது.

சரி, அந்தப் பொட்டாஷ் எங்கே போனது? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஒரு நாளில் பத்து கிலோ உலர் எடைக்குப் புல் தின்னும் மாட்டுக்குள் 200 கிராம் பொட்டாசியம் போகிறது. பத்து லிட்டர் பால் கறந்தால் அதில் போவது 15 கிராம்தான். மீதி பெரும்பாலும் சிறுநீரில் இறங்குகிறது, அதுவும் நீரில் கரைந்த நிலையில், வேர் உடனே உறிஞ்சும்படி. மேய்ச்சல் நிலத்தில் மாடே அதைத் திருப்பிப் போட்டுவிடும். அறுத்துப் போடும் முறையில் அது தொழுவத்துச் சாக்கடைக்குப் போகிறது. சாணத்தை மட்டும் அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டு இயற்கை உரம் கொடுப்பதாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். தொழுவத்தின் தரையைச் சற்றுச் சரிவாக்கி, கோடியில் ஒரு தொட்டி கட்டுங்கள். தேங்கியதைப் பாசன நீரோடு கலந்து விடுங்கள். கலக்காமல் ஊற்றினால் குருத்து பொசுங்கும். வெயிலில் திறந்து கிடந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், அதனால் தொட்டிக்கு மூடி அவசியம். இதைவிட லாபமான உரச் செலவு உங்கள் தொழிலில் கிடையாது.

தொட்டி தயாராகும் வரை ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் கடையில் கிடைக்கும் பொட்டாஷ் உரமான மியூரேட் ஆஃப் பொட்டாஷ் 40 கிலோ போடுங்கள். வருடத்துக்கானதை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். புல் தேவைக்கு மேலும் பொட்டாஷை இழுத்துக்கொள்ளும். அப்படி இழுத்த புல்லில் மெக்னீசியம் குறையும், கன்று ஈன்ற மாட்டுக்கு அது வலிப்பு வரை கொண்டுபோகும்.

டிஏபி 50 கிலோவில் இரண்டு அறுப்புக்கான மணிச்சத்து இருக்கிறது, பொட்டாஷ் துளியும் இல்லை. டானிக் வியாபாரம் இன்னும் மோசம். தழை, மணி, சாம்பல் சத்து தலா 19 சதவீதம் உள்ள 19-19-19 உரத்தை ஒரு சதவீதக் கரைசலாக பத்து டேங்க், அதாவது நூறு லிட்டர் அடித்தாலும் ஏக்கருக்குப் போகும் பொட்டாஷ் 200 கிராம்கூட இல்லை. கிலோக் கணக்கில் பசித்திருக்கும் பயிருக்குக் கிராமை விற்கிறார்கள். மறுநாள் இலை மினுங்கும், காசு கொடுத்தவருக்குத் திருப்தி.

யூரியா 50 கிலோவே இருக்கட்டும். அறுத்த சில நாளில் ஈரத்தில் போட்டு, உடனே தண்ணீர் கட்டுங்கள். போட்டபின் மூன்று நான்கு வாரமாவது அறுக்காதீர்கள். வறட்சியில் வாடிக் கிடந்து மழை பெய்ததும் துளிர்க்கும் புல்லை அவசரப்பட்டு மாட்டுக்குப் போடவே வேண்டாம். புல் மண்ணிலிருந்து உறிஞ்சிய தழைச்சத்து அடித்தண்டில் நைட்ரேட்டாகத் தேங்கியிருக்கும். இரத்தம் பழுப்பேறி, மாடு மூச்சுக்குத் திணறிக் கண்ணெதிரே விழும். 100 கிலோ போட்டிருந்தால் அந்த ஆபத்தும் கூடியிருக்கும்.