சருகை வாரலாமா, கூடாதா?

கேள்வி: என் மகனும் மருமகளும் ஜப்பானில், நாகானோ பக்கம் இருக்கிறார்கள். அங்கே ஒரு காளான் அழிந்துவருகிறதாம். அதைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் காட்டுத் தரையைச் சுத்தமாகப் பெருக்குகிறார்களாம். சருகை வாரினால் காடு கெடும் என்று போன ஆடியில் நீங்கள்தானே எழுதினீர்கள்? எது சரி?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: மாட்டிக்கொண்டேன்! நான் எழுதியது நம் சோலைக்காட்டுக்கு. உங்கள் மருமகள் சொல்வது செம்பைன் என்ற ஊசியிலை மரக் காடு. அங்கே கணக்கே வேறு.

அந்தக் காளானின் பெயர் மாட்சுதாகே. மாட்சு என்றால் பைன், தாகே என்றால் காளான். மகளைப் பார்க்கக் கியோத்தோ போயிருந்தபோது ஒரு காய்கறிக் கடையில் பார்த்தேன். சின்னப் பெட்டியில் பெரணி இலை விரித்து, அதன்மேல் மூன்றே மூன்று. விலையைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். குனிந்து மோந்தால் லவங்கப்பட்டை வாசம், கூடவே ஈரமண். குடை விரிந்துவிட்டால் விலை இறங்கிவிடுமாம், மல்லிகை மொட்டு மலர்ந்துவிட்டால் நாம் பேரம் பேசுவதுபோல.

சிப்பிக்காளான் மாதிரி வைக்கோல் பையில் இதை வளர்க்க முடியாது. உயிருள்ள பைன் வேரோடு ஒட்டித்தான் வாழும். மரம் சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை மண்ணிலிருந்து நீரும் சத்தும் இழுத்துக் கொடுக்கும். வேர்களுக்கிடையே அதன் இழைகள் வெள்ளையாகத் திரண்டிருப்பதை அங்கே 'ஷிரோ' என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு சாண்கூட விரியாது. மேலே சருகு மக்கித் தடித்தால் மற்ற பூஞ்சைகள் வந்து இதை அமுக்கிவிடும். இதற்கு ஏழை மண்தான் வேண்டும்.

அந்த ஏழை மண்ணை உண்டாக்கியவர்கள் ஊர்க்காரர்களே. அடுப்புக்கு விறகு, வயலுக்குச் சருகு உரம் என்று தலைமுறை தலைமுறையாக மலையடிவாரத்தை வழித்தெடுத்தார்கள். 1950, 60களில் காஸ் அடுப்பும் ரசாயன உரமும் வந்தன. அப்புறம் காட்டுப் பக்கம் யார் போவார்கள்? சருகு மெத்தையாகிவிட்டது, அகன்ற இலை மரங்கள் நிழல் கட்டின. போதாக்குறைக்கு, வட அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நூற்புழு வண்டின் உடம்பில் ஏறி மரத்துக்கு மரம் போய்ப் பைன்களைப் பழுக்கக் காயவைத்தது. 1941இல் சுமார் 12,000 டன் கிடைத்த நாட்டில் இப்போது நூறு டன் தேறினாலே பெரிது. 2020இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்று பட்டியலில் சேர்த்தது.

அதனால்தான் தரையைப் பெருக்குகிறார்கள். இன்று வாரினால் நாளை முளைக்கும் என்றில்லை. பைன் வளர்ந்து, வேரில் பூஞ்சை பிடித்து, குடை எட்டிப்பார்க்க இருபது முப்பது வருடம்கூட ஆகலாம். வாருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போல் கிழங்களாக இருந்தால், பாவம், யாருக்காக வாருகிறார்களோ!

மருமகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். காளான் பருவத்தில் நாடா கட்டி, உள்ளே வராதே என்று பலகை வைத்திருக்கும் மலைக்குள் நுழைய வேண்டாம், பறிக்கும் உரிமை வேறு யாருடையதோ. சருகு வாரக் கூப்பிட்டால் தாராளமாகப் போகட்டும். அந்தப் பக்கம் கரடி உண்டு, இடுப்பில் மணி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.