ஜூன் மாதத்தில் ஸ்டாப்வாட்ச் வேண்டாம்

கேள்வி: பேரையூர் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பி.இ.டி. டீச்சராக இருக்கிறேன் சார். இந்த வருஷம் பெண்கள் தடகள அணி என் பொறுப்பு. முப்பது பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே 100 மீட்டர் ஓடவிட்டு, நேரம் எடுத்து, முதல் பத்துப் பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? மைதானத்தில் டிராக் கிடையாது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எந்த வீட்டிலும் விட மாட்டார்கள்.

பதில்: வேண்டாம் டீச்சர். ஸ்டாப்வாட்சை ஜூன் முழுக்க மேஜை டிராயரிலேயே வைத்திருங்கள். மே மாதம் இந்தப் பிள்ளைகள் எங்கே ஓடியிருக்கப் போகிறார்கள்? பாதிப் பேர் விடிகாலையில் மல்லிகை பறிக்கப் போயிருப்பார்கள், மீதிப் பேர் மாமா வீட்டில் டிவி பார்த்திருப்பார்கள். அப்படி வந்த உடம்பை முதல் நாளே முழு வேகத்தில் விரட்டினால் பின்தொடை சுரீரென்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் குறுவட்ட அளவிலான பள்ளிப் போட்டி முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளை நொண்டிக்கொண்டுதான் திரியும்.

இன்னொன்று, 100 மீட்டரில் பின்னால் வருகிறவள் ஓடத் தெரியாதவள் என்று அர்த்தமில்லை. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 600 மீட்டர் இருக்கிறது, 17 வயதுப் பிரிவில் 800, 1500, 3000 என்று போகிறது. தினமும் பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து வருகிற பிள்ளை இதிலெல்லாம் கலக்கிவிடும். உயரமாக, தோள் கனமாக ஒருத்தி இருந்தால் அவள் குண்டு எறியட்டும். முதல் நாளே இருபது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆகஸ்டில் ஆள் இல்லை என்று தேடுவானேன்?

முதல் மூன்று வாரம் மெதுவோட்டம்தான். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். பக்கத்தில் ஓடுகிறவளோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும், மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம். வாரத்தில் ஒருநாள் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போங்கள். கரைச் சரிவில் குட்டிக் குட்டியாக ஏறி ஓடினால் தொடைக்கு அதைவிட நல்ல ஜிம் கிடையாது, காசும் கிடையாது. போகும்போது தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், நம் ஊரைப் பற்றித் தெரியும்தானே. ஜூலை பிறந்த பிறகு 30 மீட்டர் வேக ஓட்டத்தை ஆரம்பிக்கலாம்.

டிராக்கை நீங்களே போட்டுவிடலாம். 90 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் இருந்தால் நான்கு லேன் உள்ள 200 மீட்டர் டிராக் அடங்கிவிடும். நேர்பகுதி பக்கத்துக்கு 40 மீட்டர். மைதானத்தின் நடுவில் அதே 40 மீட்டருக்கு ஒரு நேர்கோடு பிடித்து, அதன் இரண்டு முனையிலும் முளையடித்து, கயிற்றை 18.90 மீட்டர் பிடித்து அரைவட்டம் போட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள். ஓடுகிறவள் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறாள் என்று கணக்கு, அதனால் அவள் ஓடும் ஆரம் 19.10, சுற்று சரியாக 200 வந்துவிடும். உங்கள் பக்கம் கரிசல், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடுவார்கள் என்பதால் கோடு போடுவதற்கு முன் வெடிப்பை மண் போட்டு மூடி, சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் அந்த மண்ணில் கால் வைக்கவே வேண்டாம்.

ஐந்தரை மணி விஷயத்தில் வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். நாலேகாலிலிருந்து ஐந்தேகால் வரை ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகள் சொன்ன நேரத்துக்கு டவுன் பஸ் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால் அம்மாக்களே அனுப்புவார்கள்.

கேள்வி: சார், என் மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வருஷம் 400 மீட்டரில் எப்போதும் முதல். வயதுக்கு வந்த பிறகு இந்த வருஷம் நேரம் கூடிவிட்டது, சீக்கிரம் களைத்தும் போகிறாள். இவ்வளவு ஓடியது போதும் என்று என் மாமியார் சொல்கிறார். நிறுத்திவிடலாமா? (ஒத்தக்கடையிலிருந்து ஒரு தாய்)

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இடுப்பு விரியும், எடை கூடும், அந்த ஒன்றிரண்டு வருஷம் நேரம் குறையாமல் அப்படியே நிற்பதும் கொஞ்சம் கூடுவதும் நிறையப் பெண் பிள்ளைகளுக்கு நடப்பதுதான். அவள் சோம்பேறியாகிவிட்டாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் களைப்பைச் சும்மா விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். அவள் வயதில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், பையைத் துழாவிப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு டீ கொடுப்பதை நிறுத்துங்கள், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரைச் சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக் கொடுங்கள். மாதவிடாய் நாளில் வலி இல்லையென்றால் ஓடலாம், வலித்தால் உட்காரட்டும், அதை டீச்சரிடம் கூச்சமில்லாமல் சொல்லப் பழக்குங்கள்.

மாமியாரிடம் சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அப்பா அம்மா இல்லாத பிள்ளையைக் கூலி வேலை பார்த்து வளர்த்த பாட்டிதான் ஓட அனுப்பினார். வெறுங்காலில் ஓட ஆரம்பித்தவர் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார், ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. வேலை என்ற வார்த்தைக்கு மாமியார்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

கேள்வி: போன வருஷம் 4×100 ரிலேயில் கட்டை கீழே விழுந்து தோற்றோம். மூன்றாவது ஓடியவளும் கடைசியில் ஓடியவளும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. இந்த வருஷமும் அதே நாலு பேர்தான். என்ன செய்வது சார்? (பத்தாம் வகுப்பு மாணவி, மேலூர்)

பதில்: பேசிக்கொள்ளாவிட்டால் போகட்டும் தாயி, கத்தத் தெரிந்தால் போதும்! கட்டை கொடுப்பவள் "ஹேய்" என்று ஒரு சத்தம் போட வேண்டும், வாங்குபவள் கையைப் பின்னால் நீட்டி அசையாமல் வைத்திருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கவே கூடாது. முதல் ஆளும் மூன்றாவது ஆளும் வலது கையில் கொண்டுவரட்டும், இரண்டாவதும் நான்காவதும் இடது கையில் வாங்கட்டும். அப்போதுதான் வளைவில் ஓடுகிறவள் லேனின் உள்பக்கம் ஒட்டி ஓட முடியும், நடுவில் கை மாற்றும் வேலையும் இல்லை.

கட்டை மாற்றும் பகுதி 30 மீட்டர். வாங்குபவள் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் பாதத்துக்குப் பாதம் வைத்து இருபது பாதம் எண்ணி ஒரு கோடு போடுங்கள். வருகிறவள் அந்தக் கோட்டைத் தாண்டியதும் இவள் கிளம்பிவிட வேண்டும். எட்டிப் பிடிக்க முடியவில்லை என்றால் ஒரு பாதம் குறையுங்கள், முட்டிக்கொண்டால் ஒன்று கூட்டுங்கள். எண்ணிக்கை சரியாக அமைய இரண்டு மூன்று வாரம் ஆகும். பயிற்சி நாள் எல்லாவற்றிலும் கட்டை கையில் இருக்கட்டும், மெதுவோட்டத்திலும் வரிசையாக ஓடிக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் மாற்றிக்கொண்டே போங்கள். மறுபடி விழுந்தால் போட்டவளே ஓடிப்போய் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொட்டால் அணி வெளியே. அதைப் போன வருஷச் சண்டைக்காரிகள் இரண்டு பேரிடமும் சேர்த்துச் சொல்லிவிடு.

கேள்வி: ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்கித் தரலாமா? (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: பள்ளி மண்ணில் ஓடுகிறவரை சாதாரண கேன்வாஸ் போதும். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் போன்ற சிந்தெடிக் டிராக்கில் ஓடும் நாள் வந்தால் வாங்குங்கள், ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டி நாளில்தான் புதுசாகப் போட வேண்டும் என்று பெட்டியிலேயே வைக்காமல், அதற்கு முன்பே நாலைந்து தடவை போட்டு ஓடவிடுங்கள். அண்ணனின் ஃபுட்பால் பூட்ஸ் மட்டும் வேண்டாம்.