கடன் குறைகிறது, உற்சாகமும் குறைகிறதே!

கேள்வி: தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி இரண்டையும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்து வருகிறேன். ஆனால் பாக்கி அசைகிற மாதிரியே தெரியவில்லை. சலித்துப்போச்சு. என்ன செய்வது?

பதில்: சலிப்புக்குக் காரணம் நீங்கள் இல்லை, வட்டிக் கணக்கு. கார்டில் 1,00,000 பாக்கி, மாத வட்டி 3% என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 கட்டினால் அதில் 3,000 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது வெறும் 2,000. ஆனால் சிக்கனம் பிடித்து இன்னொரு 1,000 சேர்த்துக் கட்டினால், வட்டிக்கு வேண்டியதை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால் அந்த ஆயிரமும் அப்படியே அசலில் கழியும். அதனால் மொத்த பாக்கியையே முறைத்துப் பார்க்காமல், மாதாமாதம் அசல் எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் எழுதி வையுங்கள், வேகம் கூடுவது கண்ணுக்குத் தெரியும்.

எதை முதலில் அடைப்பது? அதிக வட்டிக் கடனை அடைப்பதுதான் லாபம், பெரும்பாலும் அது கார்டாகத்தான் இருக்கும். ஆனால் சின்னக் கடன் ஒன்றை முடித்தால் தெம்பு வரும் என்றால் தாராளமாக அதையே முடியுங்கள், பாதியில் கைவிடுவதைவிட கொஞ்சம் கூடுதல் வட்டி பரவாயில்லை. தனிநபர் கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவசரத்துக்கென்று சிறு தொகை ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் திடீர்ச் செலவு வந்ததும் மறுபடி கார்டுதான். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு செலவையும் விட்டுவைக்கலாம். எல்லாவற்றையும் வெட்டியவர்கள்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மொத்தமாகச் செலவழித்துவிடுகிறார்கள்.